மழையை மட்டுமல்ல, ஈரக்குளிரையும் முன்கூட்டிச் சொல்லுங்கள்: கார்த்திகைக்கு முன் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்கள்,
சென்னை மண்டல வானிலை ஆய்வு மைய அறிவியலாளர்கள்,
இரு மாவட்டங்களின் வேளாண்மை, தோட்டக்கலை, பட்டு வளர்ச்சித் துறை அலுவலர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஐப்பசி முடியப் போகிறது. இனி தை பிறக்கும் வரை எங்கள் பக்கத்து வானம் ஒரு நிலையில் நிற்காது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவானால் இரண்டு மூன்று நாள் சோனைத் தூறல். அது கரையேறி மேற்கே நகர்ந்தால் அடைமழை. அது போன கையோடு மேகம் விலகி, வெடவெடக்க வைக்கும் குளிர். அப்புறம் விடிகாலையில் மூடுபனி. ராகி அறுவடை, பட்டுப்புழு வளர்ப்பு, ரோஜாத் தோட்டத்தில் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து, மாமரம் பூவுக்குத் தயாராவது எல்லாம் இந்த எட்டு ஒன்பது வாரத்துக்குள்தான் நடக்கின்றன.

நான் ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் இடையில் பட்டும் தக்காளியும் வைத்துப் பிழைக்கிறவன். தினமும் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய வேலையை முடிவு செய்கிறேன். அது எங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். கேட்பது இதுதான். இரண்டு மாவட்டங்களையும் ஒரே வரியில் அடக்காமல் மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம் என்று பிரித்துச் சொல்லுங்கள். மழையை எச்சரிப்பதுபோல ஈரக்குளிரையும் எச்சரியுங்கள். வேலையை மாற்றி வைத்துக்கொள்ள நேரம் இருக்கும்போதே அதைச் சொல்லுங்கள்.

2024-ல் நடந்ததை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதுவரை எல்லாருடைய கண்ணும் கடற்கரை மேல்தான் இருந்தது. கரையேறிய புயல் அங்கேயே வெகுநேரம் தங்கி, வலுக்குறைந்து, மெதுவாக மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழை பதிவானது. வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதத்துக்கும் சேர்த்து மாநிலச் சராசரியே ஏறத்தாழ 44 சென்டிமீட்டர்தான். ஊத்தங்கரை பேருந்து நிலையப் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போன காட்சியை நாடே பார்த்தது. அதே நேரத்தில் தென்பெண்ணை நிரம்பி, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்க வேண்டி வந்தது.

ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, இங்கே 50 சென்டிமீட்டர் கொட்டும் என்று முந்தின நாளே கணிக்க எந்த அறிவியலாலும் முடியாது. அது எங்களுக்கும் தெரியும், அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கரையைக் கடந்துவிட்டது என்று கேட்டதும் மக்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள் அல்லவா, அங்கேதான் எங்கள் பக்கத்துக்கு ஆபத்து தொடங்குகிறது. கடலோரத்துக்குப் புயல் முடிகிற நாள்தான் எங்களுக்கு அது ஆரம்பிக்கிற நாள். காற்று அடங்கியிருக்கும், பெயரும் புயலிலிருந்து தாழ்வு மண்டலமாக இறங்கியிருக்கும், தொலைக்காட்சியும் வேறு செய்திக்குப் போயிருக்கும். மழை மட்டும் ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் நின்று பெய்துகொண்டிருக்கும். ஆகவே கரையைக் கடந்த செய்தியோடு சேர்த்து, அடுத்த 36 மணி நேரம் உள்மாவட்டங்களுக்கு என்ன என்பதைத் தனியாக ஒரு அறிவிப்பாகவே வெளியிடுங்கள். இது புதிய கருவி எதுவும் கேட்காத வேலை.

சரி, மேடு பள்ளம் விஷயத்துக்கு வருகிறேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியான ஊத்தங்கரை அதில் பாதி உயரம்கூடக் கிடையாது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்கு மேல் குறையும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அப்படியென்றால் ஒரே மாவட்டத்துக்குள், ஒரே நாளில், ஒரே மேகத்தின் கீழ் மூன்று டிகிரி வித்தியாசம் சாதாரணமாகவே வரும். மழையிலும் அப்படித்தான். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் தென்மேற்குப் பருவத்திலும் கோடை இடியிலும் நல்ல மழை பார்க்கும். கார்த்திகையில் அங்கே தூறலும் குளிர்காற்றும்தான் பெரும்பாடு. கிழக்கே போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்போதுதான் கனமழை. நடுவில் சூளகிரி, ராயக்கோட்டை, பாலக்கோடு, கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் என்று நாங்கள் இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். "கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு" என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு தளிக்காரர் ராகி அறுப்பைத் தள்ளி வைக்கிறார், ஊத்தங்கரைக்காரர் அந்த ஓரிரு இடம் நம்முடையதாக இருக்காது என்று இருந்துவிடுகிறார். மூன்று பகுதியாகப் பிரித்தால் போதும். வட்டம் வட்டமாகச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்போது குளிர். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் இருக்கிறது. எங்கள் குளிருக்கு எந்த நிறமும் கிடையாது. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்கினால்தான் குளிர் அலை என்ற பேச்சே வரும், அதிலும் வழக்கத்தைவிட நாலரை டிகிரி குறைந்திருக்க வேண்டும். வட இந்தியாவுக்குப் பொருத்தமான அளவுகோல் அது. ஓசூர், தளி பக்கம் மார்கழியில் 12, 13 டிகிரி வழக்கமாகவே வரும், வழக்கம் என்பதாலேயே அது எச்சரிக்கைக்குள் வராது. ஆனால் எங்களை அடிப்பது பெரும்பாலும் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை அல்ல. பகலில் வெயிலே வராமல் இருப்பதுதான்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கடற்கரையில் அதன் பேச்சு ஓய்ந்த பிறகும் ஓசூர், பெங்களூரு பக்கம் வெயில் தலைகாட்டாத தூறலும் குளிர்காற்றும் தொடர்ந்தன. இப்படிப்பட்ட நாளில் இரவு 17 டிகிரி என்றால் பகலும் 20, 21-ஐத் தாண்டாது. அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். வழக்கத்தைவிட இரவு கொஞ்சம் கதகதப்பு என்றுகூட இருக்கும். ஆனால் துணி காயாது, இலை காயாது, களத்தில் போட்ட கதிர் காயாது, மாட்டுக் கொட்டகை காயாது.

குளிரில் இரண்டு வகை உண்டு என்பது இங்கே எந்தப் பாட்டியைக் கேட்டாலும் தெரியும். மேகம் விலகி, வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசி, இரவில் வானம் திறந்து கிடக்கும்போது வருவது காய்ந்த குளிர். அது எங்களுக்கு வேண்டும். மாமரம் பூவெடுக்க அந்தக் குளிர்தான் வேண்டும். கிருஷ்ணகிரியின் மாம்பழக் கூழ் ஆலைகள் நம்பியிருக்கும் பெங்களூரா மரங்கள், மார்கழியில் மழை பெய்தால் பூவுக்குப் பதிலாகத் துளிரை விட்டுவிடும். கொள்ளு பனியிலேயே விளையும். மொச்சைக்கும் பனி பிடித்தால்தான் மணமே வரும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், அந்தப் பனியைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. தாழ்வு மண்டலத்தோடு வரும் ஈரக்குளிர் வேறு. அது வந்தால் இந்த இரண்டு மாவட்டத்திலும் ஏறக்குறைய ஒவ்வொரு தொழிலுக்கும் ஏதாவது ஒரு கேடு உண்டு. எந்தக் குளிர் வரப்போகிறது என்று மூன்று நாளுக்கு முன்பே தெரிந்தால் அதன்படி நடந்துகொள்வோம்.

பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி போதும், ஈரம் குறைவாக இருக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும். ஈரக்குளிர் இதைத் தலைகீழாக்கிவிடும். குளிரில் புழு இலையைத் தொடாமல் மந்தமாகக் கிடக்கும். நாள் நீளும், நாள் நீண்டால் மல்பெரி இலை பற்றாது. ஈர இலையைப் போட்டால் வயிற்று நோய். புழு வளர்க்கும் மனையில் ஈரம் தங்கினால் மஸ்கார்டின் என்ற பூஞ்சை நோய் வந்து, புழு செத்துச் சுண்ணாம்புக்கட்டி போல விறைத்துவிடும். எல்லாம் தப்பித்துக் கூடு கட்டும் நேரத்தில் ஈரம் பிடித்தாலும் நஷ்டம்தான். அந்தக் கூட்டிலிருந்து நூற்கும்போது நூல் அறுந்துகொண்டே இருக்கும், ஏலத்தில் விலை இறங்கும். எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகையில் நாலாம் தோலுரிப்பு முடிந்து புழு நன்றாகத் தின்கிற பருவத்தில் தொடர்ச்சியாக வெயில் இல்லாத நாட்கள் வந்தன. மழை அதிகமில்லை. மழை இல்லாததால் எச்சரிக்கையும் இல்லை. அந்தத் தொகுதியில் பாதிக்கு மேல் குப்பைக் குழிக்குப் போனது. மூன்று நாள் முன்பு ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் இலையை முன்கூட்டியே வெட்டி நிழலில் வைத்திருப்போம், தட்டில் சுண்ணாம்புத் தூள் தூவியிருப்போம், மனையின் சூட்டைப் பிடித்து வைத்திருப்போம். பத்து நாள் முன்பு தெரிந்திருந்தால் இளம்புழு வாங்குவதையே தள்ளிப் போட்டிருப்போம்.

பத்து நாள் முன்பு சொல்ல முடியுமா என்று கேட்கலாம். நாளைச் சொல்ல முடியாது, போக்கைச் சொல்லலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த இரண்டு வாரங்களுக்கான நீட்டித்த கால முன்கணிப்பை வெளியிடுகிறது. வங்கக் கடலில் தாழ்வு உருவாக வாய்ப்பு எப்படி, மழை வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா, வெப்பநிலை எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது நாடு முழுமைக்குமான மொழியில், நாடு முழுமைக்குமான படத்தில் இருக்கிறது. அதைப் படித்து, வெள்ளிக்கிழமையே எங்கள் இரண்டு மாவட்டத்துக்கு நாலு வரியில் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். முன்பு வேளாண் அறிவியல் மையங்களில் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் என்று வைத்திருந்தார்கள். நாடு முழுக்க 199 பிரிவுகள் 2024-ல் மூடப்பட்டன. அந்த முடிவைத் திரும்பப் பெறச் சொல்லி டெல்லியை வற்புறுத்துங்கள் என்பது என் வேண்டுகோள். அது நடக்கும் வரை பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களும், பையூர் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து இதைச் செய்யலாம். பயிரும் பூச்சியும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையில் "தேவைக்கேற்ப நீர் பாய்ச்சவும்" என்ற மாதிரியான பொதுவான வரிகளுக்குப் பதிலாக இந்த விவரம் இடம்பெறட்டும்.

ராகிக்கு வேண்டியது தொடர்ந்து நாலு நாள் வெயில். அவ்வளவுதான். ஆடியிலும் ஆவணியிலும் மானாவாரியாக விதைத்தது இப்போது அறுப்புக்கு நிற்கிறது. அறுத்துப் போட்டபின் தூறல் பிடித்தால் கதிரிலேயே முளைவிடும். தாள் கறுத்துப் போகும், அதை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. ஆண்டு முழுவதுக்குமான தீவனம் அது. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, சானமாவு பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் வருவதும் இதே ராகி முற்றும் காலத்தில்தான். இரவெல்லாம் பரணில் காவல் இருக்கிறார்கள். மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்கும் யானைகூடத் தெரியாது. விடிகாலையில் பால் கொண்டு போகிறவர்கள், ரோஜாக் கொட்டகைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள். வனத்துறை யானை நடமாட்டத்தைச் சொல்கிறது, வானிலைத் துறை பனிமூட்டத்தைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே செய்தியாக முந்தின நாள் மாலை அந்தக் கிராமங்களுக்குத் தர யாரும் இல்லை. மாவட்ட ஆட்சியர் நினைத்தால் இது ஒரு வாரத்தில் நடக்கக்கூடிய ஏற்பாடு. இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்று நீங்கள் சொன்னால், இதை முதலில் செய்யுங்கள் என்பேன். மற்றவற்றில் போவது பணம், இதில் போவது உயிர்.

ரோஜா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பரில் கவாத்து செய்ய வேண்டும். கவாத்துக்குப் பின் குளிர் நீடித்தால் பூ தள்ளிப் போகும், ஈரமும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும். பாகலூர், பேரிகை விவசாயிகள் கவாத்து நாளை அனுமானத்தில்தான் குறிக்கிறார்கள். தக்காளிக்கு இலை காயாத இரண்டு மூன்று நாட்கள் போதும், பின்கருகல் தோட்டத்தையே சுட்டதுபோல ஆக்கிவிடும். மருந்தடித்த அன்றே தூறினால் அந்தச் செலவும் மண்ணோடு போகும். மருந்தடிக்க ஏற்ற மணி நேரத்தைச் சொல்கிற முன்கணிப்பு கிடைத்தால் ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைக்கு வருகிற ஒவ்வொரு விவசாயிக்கும் அது நேரடியான பணம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து பெங்களூரு ஓரமாக வருகிறது. அங்கே இரவு கொட்டிய மழை கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, அங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, பிறகு காவேரிப்பட்டினம், இருமத்தூர், அனுமன்தீர்த்தம் என்று இறங்குகிறது. எங்கள் ஊரில் சொட்டு மழை இல்லாதபோதும் ஆற்றில் வெள்ளம் வருவது இதனால்தான். கெலவரப்பள்ளி 44.28 அடி, கிருஷ்ணகிரி அணை 52 அடி என்று முழு உயரத்தை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். தினசரி நீர்மட்டமும் வெளியாகிறது. அதோடு, பெங்களூரு பக்கம் நேற்று பெய்த மழை எவ்வளவு, இன்று இரவு எவ்வளவு எதிர்பார்க்கலாம், திறந்த தண்ணீர் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்ற வரியையும் சேர்த்தால் கரையோரத்தில் மோட்டார் வைத்திருப்பவர் அதைக் கழற்றி மேலேற்ற நேரம் கிடைக்கும். ஊத்தங்கரையில் 2024-ல் வந்தது ஆற்று வெள்ளம் அல்ல, நின்ற இடத்தில் பெய்த மழையும் மேலே நிரம்பி வழிந்த ஏரித் தண்ணீரும். அதனால் அந்தப் பக்கம் ஏரிக்கரைகளையும் போக்குக் கால்வாய்களையும் கார்த்திகை பிறக்குமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். வாகனத்தில் போய்ப் பார்த்தால் கரையில் உள்ள ஓட்டை தெரியாது.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எங்களுக்குப் புரிகிறது. சென்னை ரேடாரிலிருந்து ஊத்தங்கரையே 200 கிலோமீட்டருக்கு மேல். பூமி வளைந்திருப்பதால் ரேடாரின் மிகத் தாழ்வான கற்றைகூட எங்கள் தலைக்கு மேல் நாலு கிலோமீட்டர் உயரத்தில்தான் கடந்து போகும். மார்கழித் தூறல் தருகிற மேகம் அதற்குக் கீழேயே இருந்துவிடும். ஏற்காட்டில் ரேடார் அமைக்கப் போவதாக மாநில அரசு அறிவித்திருந்தது. அது முழுமையாக இயங்கினால் சேலத்துக்கு மட்டுமல்ல, எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் கண் திறந்தது மாதிரி. அந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொதுமக்களுக்குச் சொல்லுங்கள். ஒன்றியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வேளாண் பல்கலைக்கழகம் நிறுவிய தானியங்கி வானிலை நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் எவை ஓடுகின்றன, எவை பழுதாகி நிற்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரிசெய்யலாம். அளவு சரியாக இருந்தால்தான் கணிப்பு சரியாக இருக்கும்.

சொல்கிற விதத்திலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன், கற்பனைதான்: "புதன் மாலை முதல் வெள்ளி வரை ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் வெயில் இருக்காது. விட்டு விட்டுத் தூறும். பகலில் 21 டிகிரிக்கு மேல் ஏறாது. ஊத்தங்கரை, அரூர் பக்கம் வியாழன் இரவு கனமழைக்கு வாய்ப்பு அதிகம், தரைப்பாலங்களைக் கடக்க வேண்டாம். சனிக்கிழமை வானம் தெளியும். ஞாயிறும் திங்களும் விடிகாலையில் மேட்டுப்பக்கம் 13 டிகிரி வரை இறங்கும், பனிமூட்டம் இருக்கும். ராகி அறுப்பை ஞாயிறுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். புழு வளர்ப்பவர்கள் புதன் காலையே இலை வெட்டி வையுங்கள்." இப்படி ஒரு செய்தி வந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுப் புரிந்துகொள்வார். இதையே தெலுங்கிலும் கன்னடத்திலும் தாருங்கள். ஓசூர், தளி, சூளகிரி பக்கம் வீட்டில் பேசுவது அந்த மொழிகள்தான். முதியவர்களுக்குத் தமிழ் அறிக்கை எட்டுவதில்லை.

செயலிகள் இருக்கின்றன, மேகதூத் இருக்கிறது, மாநில அரசின் டிஎன் அலர்ட் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அஞ்செட்டி மலைக்கிராமத்திலும் சித்தேரியிலும் வத்தல்மலையிலும் சிக்னல் தேடி மேட்டில் ஏறுகிறவர்களுக்கு அவை போதாது. காலையில் எல்லாரும் கூடுகிற இடம் பால் கூட்டுறவு சங்கம். அங்கே ஒரு கரும்பலகை போதும். பட்டுக்கூடு அங்காடியில், தக்காளி மண்டியில், ரேஷன் கடையில் ஒவ்வொரு பலகை. தருமபுரி வானொலியில் காலை ஆறு மணிக்கு இரண்டு நிமிடம். இரவு எட்டு மணிக்குள் பள்ளி விடுமுறை முடிவு. மலைப்பக்கத்துப் பிள்ளைகள் ஆறரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், ஏழு மணிக்கு வருகிற அறிவிப்பு அவர்களை நடுவழியில்தான் பிடிக்கும்.

தொப்பூர் கணவாய்க்கும் இதே ஏற்பாடு வேண்டும். தூறலும் பனிமூட்டமும் சேர்ந்த விடிகாலையில், சரக்கு ஏற்றிய லாரி அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். பனிமூட்டம் எதிர்பார்க்கும் நாளில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலும் பாளையம் சுங்கச்சாவடியிலும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் வாய்வார்த்தையாகச் சொல்லி, பெரிய எழுத்துப் பலகையும் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, குளிர் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பு வைக்கிற பழக்கம் புழு மனையிலும் இருக்கிறது, கூலிக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களிடமும் இருக்கிறது. அந்தப் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஈரக்குளிர் எச்சரிக்கையோடு இந்த வரியையும் இந்தியிலும் சேர்த்துச் சொல்லுங்கள். செங்கல் சூளை, குவாரி, சிப்காட் ஓரத்துக் குடியிருப்புகளுக்குக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் போனால் நல்லது.

கடைசியாக, சொன்னது என்ன, பெய்தது என்ன என்பதை வாரம் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். கணிப்பு தவறினால் நாங்கள் கோபப்பட மாட்டோம். எந்த மாதிரி நாளில் எவ்வளவு நம்பலாம் என்று கற்றுக்கொள்வோம். வானத்தை நம்பியே விதைக்கிறவர்களுக்குத் தவறுகிற கணிப்பு புதிதல்ல.

கார்த்திகை முதல் வாரத்திலேயே இதைத் தொடங்க முடியும். முதலில் மூன்று பகுதி, மூன்று நாள், நாலு வரி என்று சிறியதாக ஆரம்பியுங்கள். எங்கள் ஊர்ப் பால் சங்கத்துப் பலகையில் தினமும் காலையில் அதை எழுதி வைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். மழைமானி ஒன்று கொடுத்தால் தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து அனுப்பவும் தயார். பக்கத்து ஊர்களிலும் இப்படிச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், பேசி வைத்திருக்கிறேன். யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ராயக்கோட்டைப் பக்கத்துப் பட்டு விவசாயி